புதுப்பிப்பு: சிவப்புக் கல் மாணிக்கமா, ஸ்பைனலா? விடை கிடைத்துவிட்டது

பழைய மோதிரத்திலிருந்து கழற்றிய சிவப்புக் கல் மாணிக்கமா என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. அது ஸ்பைனல், அதாவது மாணிக்கம் போலவே தோன்றும் வேறொரு ரத்தினக் கல்.

கைகொடுத்தது டைக்ரோஸ்கோப் (கல் வழியே வரும் ஒளியில் இரு நிறங்கள் இருந்தால் பக்கம் பக்கமாகக் காட்டும் சிறு கருவி) யோசனைதான். மாணிக்கத்தில் ஊதா கலந்த சிவப்பும் ஆரஞ்சு கலந்த சிவப்பும் தனித்தனியே தெரியும். இதில் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே நிறம். அப்புறம் ஒளிவிலகல் எண்ணை (கல்லுக்குள் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதை) அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 1.718 வந்தது. கல்லைச் சுழற்றியும் கோடு நகரவில்லை. மாணிக்கம் என்றால் 1.762, 1.770 என்று இரண்டு கோடுகள் வந்திருக்கும்.

எதிர்பாராத ஒன்று: புற ஊதா விளக்கில் கல் சிவப்பாக ஒளிர்ந்தது. அதை மட்டும் வைத்து மாணிக்கம் என்று தயவுசெய்து முடிவு கட்டாதீர்கள். சிவப்பு தரும் குரோமியம் இரண்டிலும் இருப்பதால் இரண்டுமே ஒளிரும். லூப்பில் (சிறு உருப்பெருக்கிக் கண்ணாடியில்) பார்த்தபோது கல்லுக்குள் நுண்ணிய எண்முகப் படிகங்கள் வரிசையாகத் தெரிந்தன. இயற்கை ஸ்பைனலுக்கு அது நல்ல அடையாளம்.