மறு: ஏஜென்ட் பேஸ்டு மாடலிங் – தமிழில் என்ன சொல்லலாம்?

> 'முகவர்சார் மாதிரியாக்கம்' போதாதா? செயற்கை நுண்ணறிவில் முகவர் வேரூன்றிவிட்டதே.

அங்கே பொருந்தும், ஐயா. நமக்காகப் பயணச்சீட்டு எடுக்கும் மென்பொருள், காப்பீட்டு முகவரைப் போல, இன்னொருவர் சார்பில்தான் இயங்குகிறது. சமூக ஆய்வுக்கு வரும்போதுதான் இடிக்கிறது. தத்தம் விதிப்படி இயங்கும் பல ஏஜென்ட்களைக் கணினிக்குள் ஓடவிட்டு, கூட்டத்தில் என்ன நிகழ்கிறது என்று பார்ப்பதுதானே இந்த மாடலிங். இங்கே ஏஜென்ட் யார் சார்பிலும் எதையும் செய்வதில்லை. தன் விதி, தன் அக்கம்பக்கம், இவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங் 1971-இல் விரித்தெழுதிய குடியிருப்புப் பிரிவினைக் கணக்கையே பாருங்கள். கட்டங்களில் இரு நிறத்தவர். அண்டை வீடுகளில் தன் நிறத்தவர் பங்கு ஓர் அளவுக்குக் கீழே போனால் இடம் மாறுவார். வேறு விதியே கிடையாது. இத்தகைய மாடல்களை ஓட்டும் நெட்லோகோ மென்பொருளோடு வரும் வடிவத்தில் ஆளுக்கு 30 விழுக்காடு போதும் என்று வைத்தாலும், எல்லாரும் அமைந்த பிறகு சராசரியாக 70 விழுக்காடு அண்டையார் ஒரே நிறம்! பிரிந்து வாழுங்கள் என்று அவர்களை யாரும் ஏவவில்லை. இதைப் படிக்கும் மாணவரிடம் 'முகவர்' என்றால், யாருடைய முகவர் என்று கேட்பார். கேட்கத்தான் வேண்டும்.

என் பரிந்துரை: வினைமுதல், அதாவது வினையைச் செய்வது. மூன்றாம் வேற்றுமையை விளக்கும் தொல்காப்பிய நூற்பாவில் கருவியோடு சேர்ந்து வரும் சொல். உயர்திணையா அஃறிணையா என்ற சிக்கலும் தீர்கிறது. நெட்லோகோவில் 'ஆமை' எனப்படும் நகரும் உரு மட்டுமா ஏஜென்ட்? அசையாத நிலத்துண்டும், இரண்டை இணைக்கும் கோடும் ஏஜென்ட்தான். செயலர், வினைஞர், செய்வோர் எதுவும் நிலத்துண்டில் ஒட்டாது. 'செயலி' ஒட்டும், ஆனால் அதைக் கைப்பேசிக்காரர்கள் கொண்டுபோய்விட்டார்கள்.

> கருத்தா?

வினைமுதலுக்கு நன்னூல் தந்த சொல்தான். 'இது கருத்தா' என்று எழுதிப் பாருங்கள், கேள்விக்குறி தானாக வந்து உட்காரும்.

உண்மையில் எனக்குப் பெரிய தலைவலி 'மாதிரி'. சமூக அறிவியலில் அது ஏற்கெனவே சாம்பிள். 'மாதிரியின் அளவு 500' என்றால், கள ஆய்வில் பதில் சொன்னவர்கள் 500 பேரா, கணினிக்குள் ஓடும் வினைமுதல்கள் 500-ஆ? கணினி காட்டுவதைக் களத்தரவோடு ஒத்துப்பார்ப்பது இத்துறையின் அன்றாட வேலை என்பதால், ஒரே பத்தியில் இரண்டு 'மாதிரி'யும் மோதும். சாம்பிளுக்கு மாதிரியை விட்டுக்கொடுத்துவிட்டு, மாடலுக்கு 'ஒப்புரு' என்று வைக்கலாம். ஆக, 'வினைமுதல்வழி ஒப்புருவாக்கம்'. நீளம்தான், பேச்சில் 'வினைமுதல் ஒப்புரு' என்று சுருங்கிவிடும்.

> எமர்ஜென்ஸ்?

'மேலெழல்' என்று குறித்துவைத்திருக்கிறேன், நிறைவில்லை. தனி விதி எதிலும் இல்லாதது கூட்டத்தில் தோன்றுகிறது என்ற பொருளை அது தொடவில்லை. 'கூட்டெழுச்சி' என்றால் கிளர்ச்சி வாடை. வேறு யாரிடமாவது இருக்கிறதா?