மேப் ரிப்போர்ட்: தமிழில் என்ன சொல்லலாம்?

கோவை, மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒரு கணக்கு மென்பொருளின் தமிழ் முகப்பு என் கையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை கொடுத்தாக வேண்டும். ஒரே ஒரு பொத்தானில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். விற்பனை அறிக்கையில் அதை அழுத்தினால் அட்டவணைக்குப் பக்கத்தில் இணைய நிலப்படம் விரிகிறது. படத்தில் அவிநாசியைத் தொட்டால் அவிநாசிக் கடைகளின் வரிகள் மட்டும் அட்டவணையில் நிற்கும். அட்டவணையில் 'நிலுவை'யைத் தேர்ந்தால் படத்தின் நிறங்கள் மாறும். 'ஊடாடும் நிலப்பட வணிக அறிக்கை' என்று எழுதிப் பார்த்தேன், பொத்தானுக்குள் அடங்கவில்லை. பயன்படுத்தப்போகிறவர்கள் திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கத்து வியாபாரிகளும் ஏஜென்டுகளும். சுருக்கமாக ஒரு சொல் வேண்டும்.

ஈரோடு, தமிழாசிரியை எழுதியது:

படவறிக்கை. படம் + அறிக்கை. மகரம் கெட்டு, வகர உடம்படுமெய் வந்திருக்கிறது. 'படத்தோடு கூடிய அறிக்கை' என்று விரித்தால் உருபும் பயனும் உடன்தொக்க தொகை. வேறென்ன வேண்டும்?

'வரைபடம்' மட்டும் வேண்டாம். கணக்குப் புத்தகத்தில் வரைபடம் என்றால் கிராப், சமூக அறிவியலில் அதே சொல்தான் மேப். இந்த மென்பொருளிலோ கிராபும் இருக்கும், மேப்பும் இருக்கும். பிள்ளைகள் வகுப்பில் படும் குழப்பத்தைக் கடைக்காரர் மேலும் ஏற்ற வேண்டாம்.

சங்ககிரி, லாரி புக்கிங் நடத்துபவர் எழுதியது:

படவறிக்கைன்னா எங்க ஆபீஸ்ல சினிமா விமர்சனம்னு நினைப்பாங்க அம்மா. பசங்க இப்பவே 'மேப் ரிப்போர்ட்'னுதான் சொல்றாங்க. லாரி, லோடு, டீசல், ட்ரிப் எல்லாம் தமிழாகி எத்தனையோ காலமாச்சு. மேப்புக்கும் ரிப்போர்ட்டுக்கும் மட்டும் ஏன் கதவைச் சாத்தணும்? தமிழ் வேண்டாம்னு சொல்லலைங்க. தமிழ் மெனு வந்தா முதல்ல சந்தோஷப்படுறவன் நான். ஆனா ஆள் பார்த்ததும் புரியலைன்னா அடுத்த நிமிஷம் இங்கிலீஷுக்கு மாத்திருவாங்க.

பவானி, ஓய்வு பெற்ற பேராசிரியர் எழுதியது:

அன்பர்களே, 'ஊடாடும்' என்பதை நீளம் கருதி எடுத்துவிட்டீர்கள். உயிரே அதில்தான் இருக்கிறது. ஊடு என்றால் இடை, நடு. நெசவில் குறுக்கே ஓடும் இழை ஊடை, நெடுக்கே நிற்பது பாவு. பவானி ஜமக்காளத் தறியில் போய்ப் பாருங்கள். பாவு அசையாமல் நிற்கிறது, ஊடை போய்ப் போய் வருகிறது, கோலம் இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் பிறக்கிறது. நிலம் பாவு, வணிகத் தரவு ஊடை. ஆகவே 'ஊடுபாவறிக்கை' என்பது என் முன்மொழிவு.

இதற்கும் மேலே ஒன்று உண்டு. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. அந்த நிலத்தில் இருப்பவையெல்லாம் கருப்பொருள். எந்த ஊரில், எந்த மாதத்தில், என்ன விற்றது என்று கேட்கும் அறிக்கைக்கு முதலும் கருவும் தாமே அமைந்திருக்கின்றன. 'திணையறிக்கை' என்று சொன்னாலும் தகும்.

ஈரோடு, தமிழாசிரியை எழுதியது:

ஐயா, பாவறிக்கை என்று படிப்பவர் பா + அறிக்கை என்றுதான் பிரிப்பார். வெண்பாவுக்கும் விருத்தத்துக்கும் அறிக்கை கொடுப்பது போலாகிவிடும். திணையறிக்கை எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் திணை என்றால் ஒழுக்கம் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, அதையே நிலுவைப் பட்டியலுக்கு வைக்க மனம் ஒப்பவில்லை.

திருப்பூர், மென்பொருள் வேலை செய்பவர் எழுதியது:

பெயருக்கு முன்னால் ஒன்று. படம் காட்டுவது எளிது. அறிக்கையின் வரியும் படத்தின் இடமும் எதைப் பிடித்துச் சேர்கின்றன என்பதில்தான் வேலை இருக்கிறது. இங்கே எல்லோரும் பின்கோடைப் பிடிக்கிறார்கள், முதல் மூன்று இலக்கம்தான் மாவட்டம் என்று நினைத்துக்கொண்டு. அது 1972இல் தபால் பிரிக்க வந்த எண். திருப்பூர் மாவட்டம் 2009இல் கோவை, ஈரோடு மாவட்டங்களிலிருந்து பிரிந்தது. திருப்பூர் நகரம், அவிநாசி, பல்லடம் எல்லாம் இன்றும் 641தான். உடுமலை 642, தாராபுரமும் காங்கயமும் 638. மூன்று இலக்கத்தில் வெட்டினால் திருப்பூர் என்ற மாவட்டமே படத்தில் இருக்காது. பனியன் கணக்கெல்லாம் கோவையில் ஏறிவிடும். முதலாளி அதைப் பார்த்துக் கோவைக்கு இன்னொரு ஆளைப் போடுவார்.

அப்புறம், இடங்களைப் படத்துக்குக் கொடுக்கும் ஜியோஜேசான் என்ற கோப்பு வடிவம் நெட்டாங்கை (தீர்க்கரேகை) முன்னால் கேட்கும். நாம் அகலாங்கை (அட்சரேகை) முன்னால் சொல்லிப் பழகியவர்கள். கோவைக்கு அகலாங்கு 11, நெட்டாங்கு 77. அதை மாற்றிப் போட்டால் கோவை வடதுருவத்துக்குப் பக்கத்துக் கடலில் போய் உட்காரும். அதனால் பெயரில் 'இடம்' வர வேண்டும். என் ஓட்டு 'இடவறிக்கை'க்கு. படம் இல்லாமல் வெறும் ஊர்வாரிப் பட்டியலாகக் கொடுத்தாலும் இந்தச் சொல் பொருந்தும்.

சங்ககிரி, லாரி புக்கிங் நடத்துபவர் எழுதியது:

பின்கோடு சமாச்சாரம் எங்களுக்கும் நேர்ந்ததுங்க. காங்கயம் லோடெல்லாம் ஈரோட்டுக் கணக்குல ஏறிக் கிடந்துச்சு. இதைப் பத்தித் தனியா ஒரு மடல் எழுதுங்க தம்பி, ரொம்பப் பேருக்கு உதவும். இடவறிக்கையை விடப் பட அறிக்கை தேவலாம். 'நில அறிக்கை'ன்னு மட்டும் யாரும் வெச்சுராதீங்க, பட்டா சிட்டான்னு நினைச்சுக்குவாங்க.

பவானி, பேராசிரியர் எழுதியது:

இடவறிக்கை என்றால் ஊர்வாரிப் பட்டியலுக்கும் பொருந்தும் என்று திருப்பூர் தம்பியே சொல்கிறார். அதுவே அந்தச் சொல்லின் குறை. எல்லாவற்றுக்கும் பொருந்தும் பெயர் எதையும் பிரித்துக் காட்டாது.

அவசரம் எதற்கு என்றும் கேட்கிறேன். சார்ல்ஸ் துபேன் என்ற பிரெஞ்சுக்காரர் 1826இல் பிரான்சின் பகுதிகளைக் கல்வி நிலைக்கு ஏற்ப இருட்டாகவும் வெளிச்சமாகவும் தீட்டினார். இந்தப் பொத்தானை அழுத்தியதும் வரும் நிறப்படத்துக்கு அதுதான் மூத்தது. அந்த வகைக்குக் கோரோப்ளெத் என்ற பெயரை ஜான் ரைட் என்ற அமெரிக்கப் புவியியலாளர் வைத்தது 1938இல். நூறு ஆண்டுக்கு மேல் பொறுத்து, கிரேக்கத்திலிருந்து இடம், மிகுதி என்ற இரண்டு சொற்களை எடுத்துக் கட்டினார்கள். நாமும் வேரிலிருந்து கட்டலாம்.

திருப்பூர், மென்பொருள் வேலை செய்பவர் எழுதியது:

நிறப்படம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும் ஐயா. மொத்த விற்பனையை அப்படியே நிறமாக்கினால் கடை அதிகமுள்ள ஊர் எப்போதும் கருத்தே நிற்கும். நிறம் என்றால் கடைக்கு எவ்வளவு என்ற விகிதம் வேண்டும். மொத்தத்துக்கு, ஊரின் மேல் தொகைக்கேற்பப் பெரிதும் சிறிதுமாக வட்டம் போடுவதே முறை. பொத்தானுக்குக் கீழே அதை ஒரு வரியாக எழுதினால் நல்லது.

கோவை, மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. துபேனுக்கு இருந்த காலம் எனக்கு இல்லை ஐயா, வெள்ளிக்கிழமைதான் இருக்கிறது. எண்ணிப் பார்த்தால் படம், அறிக்கை இரண்டும் சேர்ந்த பெயருக்கே ஆதரவு அதிகம். பொத்தானில் 'பட அறிக்கை' என்று பிரித்தே போடுகிறேன். 'படவறிக்கை' என்று சேர்த்து எழுதினால் வாசிக்கத் தடுமாறுவார்கள் என்று வாடிக்கையாளர் தரப்பில் சொன்னார்கள். விரலை வைத்தால் வரும் விளக்கத்தில் 'மேப் ரிப்போர்ட்' என்றும் இருக்கும். 'ஊடாடும்' உதவிப் பக்கத்தில் வருகிறது. பின்கோடு எச்சரிக்கையையும் நிறம், வட்டம் பற்றிய வரியையும் அங்கேயே சேர்த்துவிட்டேன்.

ஈரோடு, தமிழாசிரியை எழுதியது:

பிரித்துப் போடுவதற்கு என் உடன்பாடு இல்லை. மரவேர் என்று வாசிப்பவருக்குப் படவறிக்கை வாசிக்க வரும். புணர்ச்சியை ஒவ்வொரு பொத்தானிலும் விட்டுக்கொண்டே போனால் நாளைக்கு வகுப்பில் அதை எங்கிருந்து எடுத்துக் காட்டுவேன்? என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். சொல் சரி, எழுத்து சரியில்லை.

பவானி, பேராசிரியர் எழுதியது:

எனக்குச் சொல்லும் சரியில்லை. படமும் அறிக்கையும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன, ஊடு இல்லை. அடுத்த பதிப்பு எப்போது வரும் என்று சொல்லுங்கள், அதற்குள் பாவு + அறிக்கை புணர்ச்சியில் உகரம் கெடுமா நிற்குமா என்று தனியே எழுதி அனுப்புகிறேன்.

கோவை, மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அடுத்த பதிப்பு எப்போது என்று இன்னும் சொல்லவில்லை ஐயா, கேட்டு எழுதுகிறேன். இன்று ராத்திரிக்குள் இன்னொரு சொல் வேண்டும். படத்தில் மாவட்டத்தைத் தொட்டால் வட்டம் (தாலுகா), அதைத் தொட்டால் ஊர், ஊரைத் தொட்டால் கடை, கடையைத் தொட்டால் பில் என்று உள்ளே உள்ளே போகிறதே, 'ட்ரில் டவுன்', அதற்கு என்ன போடலாம்?