பயோசெக்யூரிட்டி: காப்பா, காவலா?

வணக்கம்.

கடல்வாழ் உயிரிகளை இறக்குமதி செய்யவும், ஒரு பண்ணையிலிருந்து இன்னொரு பண்ணைக்குக் கொண்டுபோகவும் வாங்க வேண்டியது பயோசெக்யூரிட்டி பெர்மிட். நோய்க்கிருமியோ வேண்டாத உயிரினமோ கூடவே நுழைந்துவிடாமல் தடுப்பதற்கானது. அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்கு இதுவரை வந்த பரிந்துரைகளைப் படித்தேன். ‘உயிரிப் பாதுகாப்பு அனுமதி’க்குத்தான் ஆதரவு அதிகம். எனக்கு அதில் உடன்பாடில்லை.

அந்தச் சொல் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. 2000-இல் ஏற்கப்பட்ட கார்ட்டஹீனா நெறிமுறை என்ற பன்னாட்டு ஒப்பந்தம் பேசுவது பயோசேஃப்டி பற்றி, அதாவது மரபணு மாற்றிய உயிரிகளைக் கையாள்வது பற்றி. அதையும் உயிரிப் பாதுகாப்பு என்றே எழுதி வருகிறோம். ஒரே ஆவணத்தில் இரண்டும் வந்தால் மொழிபெயர்ப்பவர் மாட்டிக்கொள்வார்.

அதைவிடப் பெரிய சிக்கல், பொருள் தலைகீழாகிப் போவது. இறால் குஞ்சு பொரிப்பகம் ஒன்றுக்காக இப்படியொரு படிவத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அதைப் படித்த தொட்டிப் பணியாளர் கேட்ட முதல் கேள்வி: “வழியில இறால் செத்துப்போனா இதுல காசு வருமா சார்?” பாதுகாப்பு என்றதும் மனிதருக்குக் காப்பீடு நினைவுக்கு வந்துவிட்டது. அவர் மேல் தப்பில்லை. உயிரிப் பாதுகாப்பு என்றால் உயிரியைப் பாதுகாப்பது என்றுதான் யாரும் விரிப்பார்கள். இந்த அனுமதியோ வருகிற உயிரியைச் சந்தேகப்படுவதற்கென்றே இருப்பது. இன்னும் சரியாகச் சொன்னால், அதோடு ஒட்டிக்கொண்டு வருவதைச் சந்தேகப்படுவதற்கு.

குஞ்சுப் பைகள் வந்து இறங்கும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றால் இது புரியும். தெர்மோகோல் பெட்டிக்குள் ஆக்சிஜன் அடைத்த பை. பிரித்ததும் அப்படியே தொட்டியில் கவிழ்த்துவிட மாட்டார்கள். வலையில் வடித்துக் குஞ்சுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, வந்த தண்ணீரைக் குளோரின் பீப்பாயில் கொட்டுவார்கள். பையும் பெட்டியும் திரும்பப் பயன்படாமல் அழிக்கப்படும். வாசலில் கிருமிநாசினித் தட்டில் கால் நனைக்காமல் யாரும் உள்ளே வர முடியாது. காசு கொடுத்து வாங்கியது குஞ்சு, கவலை முழுக்கத் தண்ணீர் மேல்!

அப்படியானால் ‘நோய்த்தடுப்பு அனுமதி’ என்று வைத்துவிடலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். நோயோடு முடிந்தால் வைக்கலாம்தான். சர்காசம் மியூட்டிகம் என்ற பழுப்புக் கடற்பாசி பசிபிக் சிப்பிகளோடு ஒட்டிக்கொண்டுதான் ஐரோப்பாவுக்கு வந்தது என்பது பரவலான கருத்து. 1973-இல் இங்கிலாந்தின் வைட் தீவுக் கரையில் அது வேரூன்றி வளர்வது தெரியவந்தது. கடற்பாசி நோயா? இல்லை. ஆனால் தடுத்திருக்க வேண்டியதுதான்.

என் பரிந்துரை ‘உயிரிக்காவல்’.

இதுவும் உயிரியைக் காவல் காப்பது என்றுதானே விரியும் என்பீர்கள். விரியும், மறுக்கவில்லை. ஆனால் காவல் என்ற சொல்லுக்கு இரண்டு முகம் உண்டு. பயிர்க்காவலில் காவல் பயிருக்கு. நீதிமன்றக் காவலில் காவல் கைதியின் மேல். இங்கே இரண்டுமே நமக்குத் தேவை. உள்ளே வளர்வதற்குக் காவல் போடுகிறோம், வெளியிலிருந்து வந்ததைக் காவலில் வைக்கிறோம். காப்பு, பாதுகாப்பு இரண்டிலும் இந்த இரண்டாவது முகம் இல்லை. இதனால், புதிதாக வந்த உயிரிகளை ஒதுக்கி வைத்துக் கண்காணிக்கும் குவாரன்டைன் தொட்டிக்கும் ஒரு பெயர் கிடைக்கிறது. 2020-க்குப் பிறகு எல்லோர் வாயிலும் புழங்கும் ‘தனிமைப்படுத்தல்’ இங்கே ஒட்டாது. ஐம்பது தாய் இறால் ஒன்றாகக் கிடக்கும் தொட்டியில் தனிமை எங்கே இருக்கிறது? ‘காவல் தொட்டி’ என்று அதே பணியாளரிடம் சொல்லிப் பார்த்தேன். தலையாட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

அடுத்தது, இறக்குமதியையும் இடம் மாற்றுவதையும் பிரிப்பது. ஐ.சி.இ.எஸ். எனப்படும் பன்னாட்டுக் கடலாய்வு மன்றத்தின் நடைமுறை விதிகள் இதைத் தெளிவாகப் பிரிக்கின்றன. ஓர் இனத்தை அதன் இயல்பான பரப்புக்கு வெளியே கொண்டுபோவது ஒன்று, பரப்புக்குள்ளேயே இடம் மாற்றுவது இன்னொன்று. முதலாவதை ‘அறிமுகம்’ என்கிறோம். யாரோ நல்ல மனிதரைக் கைகுலுக்க வைப்பது போல இருக்கிறது. ‘புகுத்தல்’ போதும், கொஞ்சம் உறுத்தட்டும். அந்த விதிகளிலேயே தாய் உயிரிகள் காவலை விட்டு வெளியேறக் கூடாது. அவற்றின் முதல் தலைமுறை வாரிசுகளைத்தான், அதுவும் நோய் தென்படாவிட்டால் மட்டும், கடலில் விடலாம்.

இரண்டாவதற்கு ‘இடமாற்றம்’ என்றால் அரசு ஊழியர் ஆணை மாதிரி ஒலிக்கிறது. ‘பெயர்த்தல்’ என்று வைக்கலாம். நாற்றைப் பெயர்த்து நடுகிறோமே, அதுபோல. ஒரே நாட்டுக்குள், ஒரே இனத்தைத்தானே பெயர்க்கிறோம், இதற்கும் பெர்மிட்டா என்று கேட்பவர்கள் நியூசிலாந்தைப் பார்க்கலாம். பொனாமியா ஆஸ்ட்ரியே என்ற ஒட்டுண்ணி 2015-இல் மார்ல்பரோ பகுதித் தட்டைச் சிப்பிகளில் தெரியவந்து, பெயர்த்தலுக்குக் கட்டுப்பாடு வந்தது. 2017-இல் ஸ்டூவர்ட் தீவுப் பண்ணைகளிலும் அது தென்பட்டபோது, வளர்த்த சிப்பிகளை மொத்தமாக அகற்றச் சொல்லி அரசு உத்தரவிட்டது.

பெர்மிட்டுக்கு ‘உரிமம்’ வேண்டாம். அது தொழில் நடத்த வாங்குவது. இது ஒவ்வொரு சரக்குக்கும் வாங்குவது, ஆகவே ‘அனுமதி’. உயிரிகளின் நலம் பற்றி அனுப்பும் இடத்து அதிகாரி தருவது ‘நலச்சான்று’. ஆக, உயிரிக்காவல் என்ற தலைப்பின் கீழ் புகுத்தல் அனுமதி, பெயர்த்தல் அனுமதி என இரண்டு.

இன்னும் ஒரு சொல் பாக்கி: தாய் இறாலுக்கும் குஞ்சுக்கும் அடைமொழியாக வரும் எஸ்.பி.எஃப்., அதாவது ஸ்பெசிஃபிக் பேத்தஜன் ஃப்ரீ. இதை ‘நோயற்ற’ என்று எழுதுவதைத் தயவுசெய்து நிறுத்துவோம். பட்டியலில் உள்ள கிருமிகள் மட்டும் இல்லை என்று சோதித்துப் பார்த்த இறால் அது. பட்டியலில் இல்லாதது இருக்கலாம். நோய் எதிர்ப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இறாலைத் தாக்கும் வெள்ளைப்புள்ளி வைரஸ் உள்ள குளத்தில் விட்டால் அதற்கும் நோய் வரும். என் படிவத்தில் இப்போதைக்கு ‘குறித்த கிருமியற்ற’ என்று போட்டிருக்கிறேன். வாயில் நுழையவில்லை. நல்லதாக யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள்.