புதுப்பிப்பு: தம்பிக்குப் பேப்பர் தட்டு வைத்த விஷயம்

தம்பிக்கு எய்ட்ஸ் என்று தெரிந்ததும் பெரியப்பா வீட்டில் அவனுக்கு மட்டும் பேப்பர் தட்டு வைத்தார்கள், அம்மா பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்துவிட்டார் என்று முன்பு எழுதியிருந்தேன். அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டவர்களுக்காக இது.

சிகிச்சை தொடங்கி ஆறு மாதம் ஆகிறது. 88 இருந்த சிடி4 (ரத்தத்தில் உள்ள நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை) இப்போது 231. ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது. இப்படியே நீடித்தால் உடலுறவு மூலமாகக்கூடப் பரவாது என்றார் டாக்டர். தட்டு, டம்ளர் வழியாக எப்போதுமே பரவாது, அது வேறு விஷயம்.

டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. எச்ஐவிக்கு மருந்து கொடுக்கும் அரசு ஏஆர்டி மையத்தில் இலவசம். அம்மாவுக்கு இந்தப் பெயரெல்லாம் வாயில் நுழையாது. இரவு ஒன்பதுக்கு அவன் மாத்திரையை விழுங்கியதைப் பார்த்த பிறகுதான் தினசரி காலண்டரில் தாளைக் கிழிப்பார். அவன் மிச்சம் வைத்த ரசம் சோற்றை அதே தட்டில் பிசைந்து சாப்பிட்டுவிட்டுப் படுப்பார்.

போன ஞாயிறு பெரியப்பா வந்தார். அம்மா தம்பியின் டம்ளரில் காபி கொடுத்தார். நன்றாக இருக்கிறது என்று இன்னொரு டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தார். அது யார் டம்ளர் என்று இன்னும் சொல்லவில்லை.