3 மீட்டர் 5 செ.மீ. என்றால் 35 செ.மீ. என்கிறாள், எப்படிப் புரியவைப்பது?

நாலாம்வகுப்பு_அம்மா:
1 மீட்டருக்கு 100 செ.மீ., 1 கிலோவுக்கு 1000 கிராம், இதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் என் மகள் சொல்லிவிடுவாள். கணக்கு என்று வந்தால்தான் தடுமாற்றம். 3 மீ. 5 செ.மீ. எத்தனை செ.மீ. என்றால் 35 என்று எழுதுகிறாள். 4 கிலோவை கிராமாக மாற்றச் சொன்னால் "கிராம் சின்னதுதானேம்மா, அப்போ வகுக்கணும்" என்கிறாள், அதை மறுத்துச் சொல்ல எனக்கும் தெரியவில்லை. பெரிதிலிருந்து சிறிதுக்குப் பெருக்கு, சிறிதிலிருந்து பெரிதுக்கு வகு என்று எழுதிச் சுவரில் ஒட்டினேன், இரண்டே நாளில் எது எதற்கு என்று குழம்பிவிட்டாள். மனப்பாடத்தைத் தவிர வேறு வழி இருக்கிறதா?

கணக்கு_டீச்சர்:
முதலில் அந்தத் தாளைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். "சின்னது, அப்போ வகுக்கணும்" என்று என் வகுப்பிலும் வருஷா வருஷம் சில பிள்ளைகள் சொல்வார்கள், அலகு சிறிதானால் எண்ணிக்கை கூடும் என்பது கையால் ஊற்றிப் பார்க்காமல் பிடிபடாது. ஒரு லிட்டர் பாட்டில், 200 மில்லி டம்ளர், இருமல் மருந்தோடு வரும் 10 மில்லி மூடி, இந்த மூன்றும் போதும். எதில் அதிகத் தடவை ஊற்ற வேண்டியிருக்கும் என்று ஊற்றுவதற்கு முன்பே கேளுங்கள். பாட்டிலை நிரப்ப டம்ளரில் 5 தடவை. மூடியில் ஊற்றினால் டம்ளர் நிரம்பவே 20 தடவை ஆகும், பாதியிலேயே கை சலித்துவிடும். அந்த நேரத்தில் "இந்த மூடியாலேயே பாட்டிலை நிரப்பணும்னா?" என்று கேளுங்கள். 100 என்று அவளே சொல்லட்டும், நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

அந்த 35-க்கு டெய்லர் டேப்பை எடுங்கள். 35 எங்கே இருக்கிறது என்று தொட்டுக் காட்டச் சொல்லுங்கள், அவள் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை கிட்டத்தட்ட அவ்வளவுதான் வரும். அப்புறம் அதே டேப்பைத் தரையில் இரண்டு முறை நீட்டி வையுங்கள். 150 செ.மீ. டேப் என்பதால் சரியாக 3 மீட்டர். இவ்வளவு நீளம் கை அளவுக்குச் சுருங்குமா என்று அவளே யோசிக்கட்டும். ஒரு பக்கம் அங்குலம் இருக்கும், அதைப் பார்க்க வேண்டாம். நோட்டில் அளக்கும்போது ஸ்கேலை 1-லிருந்து வைக்கிறாளா, 0-லிருந்து வைக்கிறாளா என்றும் கவனியுங்கள், நிறையப் பிள்ளைகள் 1-லிருந்துதான் வைக்கிறார்கள்.

மளிகைக்கடை_அப்பா:
நாங்கள் படிக்கும்போது 3 ரூபாய் 5 பைசா என்றால் 305 பைசா என்பது கையில் காசாகவே இருந்தது. 25 பைசாவும் அதற்குக் கீழ் உள்ள காசுகளும் 2011 ஜூன் 30-லிருந்து செல்லாது, இன்றைய பிள்ளைக்கு 5 பைசா என்று சொல்லிப் புரியவைக்க முடியாது. என் பையனும் 2 கிலோ 50 கிராமை 250 கிராம் என்றுதான் எழுதினான். கடைக்குக் கூட்டிப்போய் எலக்ட்ரானிக் தராசில் கால் கிலோ சர்க்கரை வைத்தேன், 0.250 என்று காட்டியது. அதை எடுத்துவிட்டு 2 கிலோ 50 கிராம் வைத்தேன், 2.050. "நடுவில் எதுக்குப்பா பூஜ்யம்?" என்று கேட்டான். 100 கிராம் ஒன்றுகூட இல்லை, அந்த இடம் காலி என்றேன். அதற்கப்புறம் நோட்டிலும் அந்தப் பூஜ்யத்தை விடுவதில்லை. பக்கத்துக் கடையில் கேட்டால் கூட்டம் இல்லாத நேரத்தில் தராசைக் காட்டுவார்கள், கேட்டுப் பாருங்கள்.

பாட்டிவீட்டுப்_படி:
மணிக்கணக்கை இதோடு சேர்த்துச் சொல்லித்தர வேண்டாம், 1 மணி 30 நிமிடத்தை 130 நிமிடம் என்று எழுதிவிடுவார்கள். அங்கே 60, அதைத் தனியாகவே வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஊரில் பழைய படியும் ஆழாக்கும் இருந்தால் அரிசி அளக்கச் சொல்லுங்கள். 8 ஆழாக்கு ஒரு படி. 1956-ல் சட்டம் போட்டு மெட்ரிக் அளவு வருவதற்கு முன்னால் எட்டும் பதினாறுமாகத்தான் கணக்குப் போட்டார்கள் என்று சொன்னால், 10, 100, 1000 எவ்வளவு சுலபம் என்று பிள்ளைக்கே தெரியும்.

நாலாம்வகுப்பு_அம்மா:
டீச்சர், நேற்று சாயங்காலம் செய்தோம். ஏழாவது மூடியிலேயே "டம்ளர் இன்னும் பாதிகூட நிறையலையேம்மா" என்று அலுத்துக்கொண்டாள். பாட்டிலுக்கு எத்தனை என்று கேட்டதும் ஐந்து விரலையும் விரித்து இருபது இருபதாக எண்ணி 100 என்றாள். கொஞ்ச நேரம் கழித்து 4 கிலோவைக் கேட்டேன், "கிராம் குட்டியா இருக்கே, அப்போ நிறைய வேணும்" என்று 4000 எழுதினாள். மீட்டர் கணக்கில் இன்னும் ஒரு தடவை 35 விழுந்தது, டேப்பைப் பார்த்துவிட்டு அவளே அழித்து 305 என்று மாற்றினாள். சனிக்கிழமை கடைக்குப் போய்த் தராசு பார்க்கப் போகிறோம்.