நாலு மணி நேர வீட்டுப்பாடம்: கோடி கோடியாய்ச் சம்பளம் வாங்குபவரை முதலாளி அதட்டியதைப் பார்த்த அனுபவம் உண்டா?

சாண்ட்லர் செல்வம்

அரிசோனாவுக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. வந்த புதிதில் இந்த ஊர் ஃபுட்பால் (உதைக்கிற கால்பந்து இல்லை, பந்தைக் கையில் வைத்து ஆடும் அமெரிக்க ஆட்டம்) எனக்கு ஒட்டவே இல்லை. ஐந்து நொடி முட்டிக்கொள்கிறார்கள், அப்புறம் ஐந்து நிமிடம் பிக்கப் டிரக் விளம்பரம். அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைக்காரர்தான் என்னை இதற்குள் இழுத்துவிட்டார். இந்த ஊர் அணியான கார்டினல்ஸ் 1988-ல் செயின்ட் லூயிஸிலிருந்து இங்கே குடிபெயர்ந்த நாளிலிருந்து சீசன் டிக்கெட் வைத்திருப்பவர். அப்போதெல்லாம் டெம்பியில் கூரையில்லாத அரங்கு. செப்டம்பர் வெயிலில் அலுமினிய பெஞ்சில் உட்கார்ந்தால் எழுந்திருக்கும்போது தோல் பெஞ்சோடு போய்விடும் என்பார். அந்த மனிதர் ஒரு மதியம் சாப்பாட்டு அறையில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்ததைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

2022 ஜூலை 25, திங்கட்கிழமை. வெளியே 44 டிகிரி. அதற்கு நான்கு நாள் முன்புதான் குவார்ட்டர்பேக் கைலர் மரேவுக்கு அணி புது ஒப்பந்தம் போட்டிருந்தது. ஐந்து வருட நீட்டிப்பு, 230.5 மில்லியன் டாலர், அதில் 160 மில்லியனுக்கு உத்தரவாதம். குவார்ட்டர்பேக் என்றால் தெரியாதவர்களுக்கு: களத்தில் பந்து முதலில் அவர் கைக்குத்தான் வரும். எதிரே நிற்கும் பதினோரு பேர் எப்படி நிற்கிறார்கள், யார் பாயப்போகிறார்கள் என்று இரண்டு மூன்று நொடியில் படித்து, எறிவதா ஓடுவதா என்று முடிவெடுக்க வேண்டும். அதற்காக எதிரணியின் பழைய ஆட்டங்களை ஐபேடில் போட்டுத் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். இதற்கு ஃபிலிம் பார்ப்பது என்று பெயர்.

அன்று மதியம் ஒப்பந்தத்தின் இணைப்புப் பக்கம் ஒன்று பத்திரிகைக்காரர் மூலம் வெளியே வந்துவிட்டது. ஆட்டம் உள்ள ஒவ்வொரு வாரமும் மரே தனியாகக் குறைந்தது 4 மணி நேரம் படிக்க வேண்டும். ஐபேடில் வீடியோ ஓடிக்கொண்டிருக்க, இவர் வேறொரு பக்கம் வீடியோ கேம் ஆடினாலோ, டிவி பார்த்தாலோ, இணையத்தில் மேய்ந்தாலோ அந்த நேரம் கணக்கில் சேராது. செய்யத் தவறினால் ஒப்பந்தத்தையே மீறியதாக ஆகும். இதை என் நண்பர் கைப்பேசியில் வாய்விட்டுப் படித்தார். வீடியோ கேம் என்ற இடம் வந்ததும் மைக்ரோவேவ் பக்கம் நின்ற நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர், "என் பையனுக்கு நான் போட்ட கண்டிஷன் மாதிரியே இருக்கிறதே" என்றார். எல்லோரும் சிரித்தோம். நண்பர் மட்டும் சிரிக்கவில்லை.

அவர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "நம்பிக்கை இல்லையென்றால் பணம் கொடுக்கக் கூடாது. பணம் கொடுத்துவிட்டால் இதை எழுதக் கூடாது. இரண்டையும் ஒரே காகிதத்தில் செய்திருக்கிறார்கள்."

வியாழக்கிழமை, 28-ம் தேதி, மரே தானாகவே செய்தியாளர்களைக் கூப்பிட்டுப் பேசினார். படிக்காமலே இவ்வளவு சாதித்தேன் என்று நினைப்பது கிட்டத்தட்ட நகைச்சுவை, இந்த உயரத்தை வைத்துக்கொண்டு தயாரிப்பே இல்லாமல் ஆட முடியும் என்று நீங்கள் நினைப்பது எனக்குப் பெருமைதான் என்ற தோரணையில் ஒரு குத்து. அவர் 5 அடி 10 அங்குலம். அந்த இடத்தில் ஆடுபவர்கள் பலர் ஆறேகால் அடி. அன்றைக்கே அணி அந்த ஷரத்தை நீக்கிவிட்டது. இது கவனத்தைத் திசைதிருப்புகிறது என்று காரணம் சொன்னார்கள். பேசுபொருளாக்கியதே இவர்கள் எழுதிய காகிதம்தான்!

உங்களுக்கும் இப்படி ஏதாவது நேரில் பார்த்த, கேட்ட அனுபவம் இருந்தால் எழுதுங்கள். அரங்கில் பார்த்ததோ, அலுவலகத்தில் பட்டதோ, எதுவாக இருந்தாலும்.

டெம்பி கடலூர்க்காரன்

செல்வம் அண்ணா, நான் முதலாளி பக்கம். கோபப்படாதீர்கள்.

அந்த ஷரத்து வானத்திலிருந்து குதிக்கவில்லை. 2021 சீசனில் கார்டினல்ஸ் முதல் ஏழு ஆட்டத்தையும் ஜெயித்துவிட்டு, கடைசியில் 11 வெற்றி, 6 தோல்வி என்று தள்ளாடி பிளேஆஃபுக்குள் போனார்கள். 2022 ஜனவரி 17, ராம்ஸ் அணியோடு பிளேஆஃப். 34-11 தோல்வி. அதில் ஒரு காட்சி: தன் எல்லைக்கோட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்ட மரே, கீழே விழப்போகிற நேரத்தில் பந்தை எங்கோ வீச, ராம்ஸ் ஆள் பிடித்து மூன்று கஜம் நடந்து கோட்டைத் தாண்டி டச் டவுன் (ஆறு புள்ளி) போட்டுவிட்டார். நான் சோபாவில் இருந்தேன். சாம்பார் சாதத் தட்டு கையில். அப்படியே கீழே வைத்துவிட்டேன். அதற்கு முன்பே ஒரு பத்திரிகைப் பேட்டியில், ஃபிலிம் பார்த்துச் சாகிற ஆள் நான் இல்லை, என் தலைக்குள்ளேயே நிறையத் தெரிகிறது என்கிற அர்த்தத்தில் மரேயே சொல்லியிருந்தார். பிப்ரவரியில் இன்ஸ்டாகிராமில் அணிப் படங்களை அழித்தார். அப்புறம் அவருடைய ஏஜென்ட் முழுக்கப் பெரிய எழுத்தில் ஒரு அறிக்கை விட்டார். இவ்வளவுக்குப் பிறகும் 230 மில்லியன் கொடுக்கிறவன் வாரம் நாலு மணி நேரம் கேட்டால் தப்பா? எங்கள் ஊரில் டியூஷன் மாஸ்டர் ஒரு நாளைக்கே அவ்வளவு கேட்பார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அதே வருடம் டிசம்பர் 12, திங்கட்கிழமை இரவு, பேட்ரியட்ஸ் அணியோடு ஆட்டம். கிளெண்டேல் அரங்கில் மேல் தளத்தில் இருந்தேன். ஆட்டம் ஆரம்பித்து மூன்றாவது நகர்வு. மரே வலப்பக்கம் ஓடினார். யாரும் தொடவில்லை. கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டார். முதலில் யாரோ தள்ளினார்கள் என்றுதான் நினைத்தேன். பெரிய திரையில் திரும்பப் போட்டபோது என் முன் வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். குட்டி வண்டி வந்தது. ஏறி உட்கார்ந்தவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். முழங்கால் தசைநார் அறுந்துவிட்டது. அவ்வளவு பெரிய கூரைக்குக் கீழே ஏசி ஓடுகிற சத்தம் கேட்டது. கேலி பண்ணிப் பண்ணியே அந்த வருடம் முழுக்கப் பொழுது போக்கியவன் நான். அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

சம்பளப் பட்டியல் சாந்தி

நான் ஹெச்ஆர். எனக்கு ஃபுட்பால் தெரியாது. ஆனால் அந்த ஷரத்தை எழுதிய ஆள் யாராக இருக்கும் என்று எனக்குத் தெரியும். என்னைப் போல ஒருத்திதான் இருப்பாள்.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு மூத்த டெவலப்பர். நல்ல சம்பளம். மேலிடத்துக்கு அவர் மேல் ஒரு சந்தேகம், வீட்டிலிருந்து வேலை செய்கிறேன் என்று சும்மா இருக்கிறார் என்று. அவரை அழைத்துப் பேசியிருக்கலாம். பேசவில்லை. எல்லோருடைய கணினியிலும் நேரம் கணக்கிடும் மென்பொருளைப் போடச் சொன்னார்கள். அதற்கான விதியை நான்தான் எழுதினேன். "வேலை சாராத இணையதளங்களில் செலவிடும் நேரம் கணக்கில் வராது" என்று ஒரு வரி. செல்வம் சார் எழுதியதைப் படித்ததும் உடம்பு கூசிவிட்டது, ஒரே வாக்கியம்!

மூன்றாவது வாரம் ஒருவர் மவுஸை மேசை மின்விசிறியில் நூலால் கட்டிவிட்டார். விசிறி திரும்பும்போதெல்லாம் மவுஸ் அசையும், கணக்கு ஏறும். அவர் அந்த மூத்த டெவலப்பர் இல்லை, எல்லோரும் தங்கமான பையன் என்று சொன்ன ஜூனியர். மூத்தவர் அந்த மாதமே வேறு இடம் போய்விட்டார். போகும்போது என்னிடம், "மேடம், என்னிடம் நேராகக் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன்" என்றார். உண்மை என்னவென்று நான் கேட்கவில்லை.

ஃப்ரீமாண்ட் மாமி

என் வீட்டுக்காரருக்கு ரெய்டர்ஸ் பைத்தியம், அந்த அணி ஓக்லாந்தில் இருந்த காலத்தில். 2007-ல் அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தபோது முதல் ஆளாக எடுத்த குவார்ட்டர்பேக் ஜமார்கஸ் ரசலுக்கு 60 மில்லியனுக்கு மேல் ஒப்பந்தம். மண்டியிட்டபடியே அறுபது கஜம் எறிவான் என்று பேச்சு. மூன்று சீசன், 25 ஆட்டங்களில் ஆரம்ப குவார்ட்டர்பேக், ஜெயித்தது 7. 2010 மே மாதம் அனுப்பிவிட்டார்கள். அவரைப் பற்றி ஒரு கதை உலவும். வீட்டில் பார்க்கச் சொல்லி வெறும் டிவிடியைக் கொடுத்தார்களாம். மறுநாள் கேட்டதற்கு, பார்த்தேன், எதிரணி பாய்கிற முறையெல்லாம் பிடிபட்டது என்றாராம். பக்கத்து வீட்டுக்காரர் பார்பிக்யூவில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு வெறும் டிவிடியைக் கொடுத்துச் சோதிப்பது என்ன வாத்தியார்த்தனம்?

எடிசன் ரவி

நியூஜெர்சிக்காரன் கதை சின்னது. 2025 அக்டோபர். எங்கள் பக்கத்து அணியான ஜெட்ஸ் ஆடிய ஏழு ஆட்டமும் தோல்வி. முதலாளி உடி ஜான்சன் நிருபர்கள் நடுவில் நின்று, இப்படிப்பட்ட ரேட்டிங் (எறிதலுக்கான மதிப்பெண்) உள்ள குவார்ட்டர்பேக்கை வைத்துக்கொண்டு ஜெயிப்பது கஷ்டம், எறிகிற பந்தில் ஒன்றாவது நம் ஆள் கையில் சேர்ந்தால் நன்றாக இருக்கும் என்று ஜஸ்டின் ஃபீல்ட்ஸைப் பற்றிச் சொல்லிவிட்டார். கோச்சைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னது. முடிவெட்டும் கடையில் டிவியில் ஓடியது. எனக்கு முடி வெட்டியவர் ஜெட்ஸ் ரசிகர். கத்தரியை நிறுத்திவிட்டு, "அந்த ஆளைக் கொண்டு வந்தது யார்?" என்று டிவியைப் பார்த்துக் கேட்டார். பாதி வெட்டிய தலையோடு நானும் யோசித்தேன். அந்த ஞாயிறே அதே ஃபீல்ட்ஸ் ஆடி சின்சினாட்டியை 39-38 என்று தோற்கடித்தார்கள். முதலாளியின் திட்டு வேலை செய்தது என்றும் ஒரு கூட்டம் சொல்லும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏழு தோற்றால் ஒரு வெற்றி எப்போதாவது வரும்.

மெஹதிப்பட்டணம் மணி

நம்ம ஊர் ஆட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2024 மே 8, ஹைதராபாத் உப்பல் மைதானம். வேலை விஷயமாக இங்கே இருக்கிறேன், டிக்கெட் கிடைத்தது. லக்னோ 165 அடித்தது. சன்ரைசர்ஸ் அதை 9.4 ஓவரில் விக்கெட்டே இழக்காமல் முடித்தார்கள். ஹெட் 89, அபிஷேக் 75. பிரியாணி வாங்கப் போனவர் திரும்பி வருவதற்குள் பாதி முடிந்துவிட்டது.

அதன் பிறகுதான் பெரிய ஆட்டம். லக்னோ உரிமையாளர் சஞ்சீவ் கோயங்கா எல்லைக்கோட்டருகே கேப்டன் கே.எல். ராகுலிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். என் இருக்கையிலிருந்து என்ன பேசினார் என்று கேட்க வழியில்லை. தெரிந்தது இரண்டுதான்: ஒருவர் கை ஓயவில்லை, இன்னொருவர் கையைக் கட்டியபடி தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். 17 கோடி சம்பளம். வீடு திரும்புவதற்குள் குடும்ப வாட்ஸப் குழுவில் நாலு பேர் அதே வீடியோவை அனுப்பிவிட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் தெலுங்கில் ஒன்று சொன்னார். தமிழில் சொன்னால், "வீட்டுக்குள் போய்ப் பேசக் கூடாதா?"

சில நாள் கழித்து கோயங்கா தன் டில்லி வீட்டில் ராகுலுக்கு விருந்து வைத்த படம் வந்தது. கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். அடுத்த சீசனுக்கு லக்னோ ராகுலைத் தக்கவைக்கவில்லை. டில்லி அணி 14 கோடிக்கு எடுத்தது.

சாண்ட்லர் செல்வம்

மணி, விருந்து என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது. கடலூர்த் தம்பிக்கும் இதுதான் பதில்.

2023 மார்ச்சில் இந்த ஃபுட்பால் ஆட்டக்காரர்களின் சங்கம் முதன்முறையாக லீகின் 32 அணிகளுக்கும் மதிப்பெண் அட்டை வெளியிட்டது. சாப்பாடு எப்படி, ஜிம் எப்படி, குடும்பத்தாரை எப்படி நடத்துகிறார்கள் என்று ஆட்டக்காரர்களிடமே கேட்டு எழுதியது. கார்டினல்ஸ் கிட்டத்தட்டக் கடைசி. அதில் ஒரு தகவல்: பயிற்சி முடிந்து ஆட்டக்காரர் இரவுச் சாப்பாடு கேட்டால், பெட்டியில் கட்டிக் கொடுத்து, அதற்கான காசைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்களாம். அப்படிச் செய்கிற ஒரே அணி இதுதான் என்று எழுதியிருந்தார்கள். பிட்வில் குடும்பம் 1930-களிலிருந்து இந்த அணியை வைத்திருக்கிறது. கடைசியாகச் சாம்பியன் ஆனது 1947-ல்.

தம்பி, நாலு மணி நேரம் அதிகமே இல்லை, ஒத்துக்கொள்கிறேன். மரே அதைவிடக் கூடுதலாகவே பார்த்திருக்க வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் ராத்திரி ஏழு மணிக்கு ஐபேடும் கையுமாக உட்கார்ந்து படிக்கிறவனுக்கு ஒரு பெட்டி சோறு இலவசமாகக் கொடுக்காத வீடு, அர்ப்பணிப்பு பற்றி எழுத்தில் கேட்டது. அதைத்தான் என் நண்பர் சொன்னார் என்று இப்போது தோன்றுகிறது.

அவரிடம் இந்தச் சாப்பாட்டு விஷயத்தைச் சொன்னபோது சிரித்தார், முதன்முறையாக. அப்புறம் தன் டிபன் பெட்டியைத் திறந்து, "என் மனைவி இன்னும் பில் போடவில்லை" என்றார்.

டெம்பி கடலூர்க்காரன்

அண்ணா, சாப்பாட்டுக்குக் காசு பிடித்தது தெரியாது. அது ரொம்பக் கேவலம். ஆனாலும் நாலு மணி நேரம் நாலு மணி நேரம்தான், அதில் நான் இறங்கி வரமாட்டேன்.

உங்கள் நண்பரின் சீசன் டிக்கெட்டில் எப்போதாவது ஒரு இருக்கை காலியாக இருந்தால் சொல்லுங்கள். பார்க்கிங் காசு நான் தருகிறேன். சாப்பாடு நீங்கள்.