புதுப்பிப்பு: அத்தையின் பாதம் தொங்கியது பக்கவாதம் இல்லை

குமுளிப் பக்கம் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கும் எங்கள் அத்தைக்கு வலது பாதத்தைத் தூக்க முடியவில்லை, பக்கவாதமாக இருக்குமோ என்று கேட்டிருந்தேன். நல்லவேளை, அது இல்லை. நரம்புக் கடத்தல் பரிசோதனையில் தெரிந்துவிட்டது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்க எலும்பைச் சுற்றி, பாதத்தைத் தூக்க வைக்கும் பெரோனியல் நரம்பு தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. ஏலக்காய் செடியின் அடியில்தானே காய்க்கும்? பொழுதெல்லாம் குத்தவைத்து எடுத்ததில் அந்த நரம்பு நசுங்கியிருக்கிறது.

டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு இடையில் இருக்கும் மெத்தை) கோளாறு என்று பதில் சொன்னவர்களுக்கு: பாதத்தை உள்பக்கம் திருப்ப அத்தையால் நன்றாகவே முடிகிறது. டிஸ்க் பிதுங்கிக் கீழ்முதுகில் எல்5 என்ற நரம்பு வேர் அழுந்தியிருந்தால் அந்த அசைவும் தளர்ந்திருக்கும் என்றார் டாக்டர்.

நரம்பின் மேலுறை மட்டும் கெட்டிருந்தால் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகும். உள்ளிழையே அறுந்தால் நாளுக்குச் சுமார் 1 மி.மீ.தான் வளரும். அத்தைக்கு முதல் வகை. செருப்போடு சேர்த்துப் போட ஒரு பிளாஸ்டிக் தாங்கி, அப்புறம் பிசியோதெரபி. கால் மேல் கால் போடத் தடை. பெருவிரல் லேசாக அசைகிறது.

இனிக் குத்தவைக்காமல் முக்காலியில் உட்கார்ந்து எடுக்கலாமே என்றேன். "அந்தச் சரிவுல முக்காலி நிக்குமாடா?" என்கிறார்.